பக்கத்து வயலில் மருந்தடித்தால் உங்கள் திராட்சைக்கொடி ஏன் வாடுகிறது?

"டாக்டரய்யா, என் வீட்டுக்காரி கையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, இந்த இலையைக் கொஞ்சம் பாருங்க!"

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஒரு தோட்டக்காரர் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். மனைவிக்கு இரண்டு கைகளிலும் அரிப்பு, தோல் வெடிப்பு. அதற்காகத்தான் வந்திருந்தார்கள். ஆனால் அவர் மனசெல்லாம் மஞ்சள் பைக்குள் இருந்த இலை மேலேயே இருந்தது.

திராட்சை இலைதான். ஆனால் திராட்சை இலை மாதிரியே இல்லை! உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்க வேண்டியது, மடக்கி வைத்த விசிறி போலச் சுருங்கி, ஓரமெல்லாம் பல்பல்லாக நீண்டிருந்தது. நரம்புகள் ஒன்றோடொன்று நெருங்கி, சீப்பின் பற்கள் போல வரிவரியாகத் தெரிந்தன. கூடவே கொண்டு வந்த கொடி நுனியும் பாம்பு போல முறுக்கிக் கொண்டிருந்தது.

"பூவெல்லாம் கருகிக் கொட்டிருச்சுங்கய்யா. இருபது வருஷமாத் தோட்டம் வச்சிருக்கேன், இப்படி ஒரு சீக்கு பார்த்ததில்ல. இது எங்க அண்ணன் வேலை. பாகம் பிரிச்சதுலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. ராத்திரியில வந்து வேர்ல எதையோ ஊத்திட்டாரு..."

மனைவி தலையைக் குனிந்து கொண்டார். "அப்படிச் சொல்லாதீங்க. மதினி இன்னமும் நம்ம பிள்ளைகளுக்குப் பலகாரம் கொடுத்து விடுறாங்க" என்றார், மெதுவாக.

நான் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, உங்கள் தோட்டத்துக்கு மேற்கே என்ன இருக்கிறது?"

"அண்ணனோட நெல் வயல்."

"நடவு முடிந்து எத்தனை நாள்?"

"இருபது இருபத்தஞ்சு நாள் இருக்கும்..."

விஷயம் புரிந்துவிட்டது. அண்ணன் எதையும் ஊற்றவில்லை. தன் வயலில் களை மருந்து அடித்திருக்கிறார், அவ்வளவுதான். மீதியை ஆடிக் காற்று பார்த்துக் கொண்டது! அம்மியையே பறக்க வைக்கும் காற்று, மருந்துச் சாரலைத் தூக்கிக்கொண்டு போகாதா என்ன?

சித்த மருத்துவனுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. எங்கள் மருந்துகளில் 'கொடிமுந்திரி' என்று சொல்லப்படுவது இந்தத் திராட்சைதான். பித்தச் சூடு, நாவறட்சி, மலச்சிக்கல் இவற்றுக்கு நாங்கள் கைகொள்ளும் பழம். நீங்கள் காய்ச்சலில் படுத்தவருக்கு வாங்கிப் போகிற பழமும் அதுதான். அந்தப் பழம் எப்படி விளைகிறது, எதனால் கெடுகிறது என்பது தோட்டக்காரருக்கு மட்டும் அல்ல, சாப்பிடுகிற நமக்கும் தெரிய வேண்டிய சங்கதி. வாசலில் ஒரு கொடியைப் பந்தலேற்றி வைத்திருப்பவர்களுக்கோ, மிகவும் அவசியம்.

நெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, கொடிக்கு ஏன் ஆகிறது?

நெல் வயலில் அகன்ற இலைக் களைகளை அழிக்கப் பரவலாகப் பயன்படும் மருந்துகளில் ஒன்று '2,4-டி'. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, 1945-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நெல், கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் புல் இனம். இவற்றை இந்த மருந்து அதிகம் பாதிப்பதில்லை. அகன்ற இலைச் செடிகளைத்தான் அழிக்கும்.

எப்படி அழிக்கிறது தெரியுமா? செடி வளர்வதற்கென்று அதற்குள்ளேயே 'ஆக்ஸின்' என்ற ஒரு ஹார்மோன் சுரக்கிறது. 2,4-டி அந்த ஹார்மோன் போலவே வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறது. செடி ஏமாந்து, தாறுமாறாக வளர ஆரம்பிக்கிறது. தண்டு முறுக்குகிறது, இலை சுருள்கிறது, உணவு போகும் குழாய்கள் அடைபடுகின்றன. 'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்கிறோமே, அதுதான் செடிக்குள் நடக்கிறது.

அகன்ற இலைப் பயிர்களிலேயே இந்த மருந்துக்கு மிகவும் எளிதில் பலியாவது திராட்சை. பருத்தியும் தக்காளியும் அதற்கு நெருக்கம். களையைக் கொல்லத் தேவையான அளவில் மிகச் சிறிய ஒரு பங்கு காற்றில் வந்து பட்டாலே போதும், திராட்சை இலை கோணிக் கொள்ளும். பக்கத்து வயலிலிருந்து மட்டும் அல்ல, பல நூறு மீட்டர் தூரத்திலிருந்தும், சில சமயம் கிலோமீட்டர் கணக்கிலான தூரத்திலிருந்தும் வந்து பாதித்த அனுபவங்கள் உலகில் திராட்சை விளையும் பல நாடுகளில் உண்டு.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அதே பள்ளத்தாக்கில்தான் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று பன்னீர் திராட்சைப் பந்தல்களும் இருக்கின்றன. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. நெல்லும் கொடியும் இப்படி ஒட்டி உறவாடும் இடத்தில், ஒருவர் கவனக்குறைவு இன்னொருவர் நஷ்டம் ஆகிவிடுகிறது.

இலையே சொல்லும் சேதி

கொடி வாடினால் எல்லாவற்றுக்கும் களை மருந்தே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா? இலையைப் பாருங்கள்.

2,4-டி பட்டால் இளம் இலைகளும் நுனியும்தான் முதலில் கோணும். முற்றிய இலைகள் பழையபடியே இருக்கும். இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அறிகுறி தெரிந்துவிடும். பூவில் பட்டால் பிஞ்சு பிடிக்காது. பிஞ்சில் பட்டால் ஒரே குலையில் சில காய் பெருத்தும், சில காய் மிளகு போலவும் நிற்கும். பழுக்கும்போதும் ஒன்றுபோல் பழுக்காது.

பாராகுவாட் போன்ற மருந்து, பட்ட இடத்தை மட்டும் சுடும். சாரல் விழுந்த இடமெல்லாம் ஓரிரு நாளில் பழுப்புப் புள்ளி விழும். பிறகு வருகிற துளிர் நன்றாகவே இருக்கும்.

கிளைபோசேட் கொஞ்சம் கள்ளத்தனமானது. இந்தப் போகத்தில் பட்டாலும், பெரும்பாலும் அடுத்த கவாத்துக்குப் பின் வரும் துளிரில்தான் வேலையைக் காட்டும். இலை சிறுத்து, மஞ்சளித்து, அம்பு நுனி போல் வரும். கணுக்கள் நெருங்கி, துளிர் கொத்துக் கொத்தாக நிற்கும். 'போன வருஷம் அடித்ததற்கு இந்த வருஷமா?' என்று யாருக்கும் சந்தேகமே வராது!

விசிறி போன்ற இலை ஒரு வகை வைரஸ் நோயிலும் வரும். வித்தியாசம் என்ன? வைரஸ் நோய் ஒரு கொடி, இரண்டு கொடி என்று மெல்லப் பரவும். மருந்து பட்ட தோட்டத்தில் ஒரே வாரத்தில் நிறையக் கொடிகள் பாதிக்கப்படும். காற்று வரும் பக்கம் அதிகமாகவும், உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். வேலியோரம் நிற்கும் தக்காளி, பருத்தி, பூசணியையும் பாருங்கள். அவையும் கோணியிருந்தால், சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

காற்று, வெயில், டேங்க்... மூன்று கள்வர்கள்!

முதல் கள்வன் காற்று. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'காற்றே இல்லை, இப்போது அடித்தால் ஆபத்து இல்லை' என்று நினைக்கிறார்களே, அதுதான் இல்லை! பொழுது சாய்ந்து, காற்று அடங்கி, தரை குளிர்ந்து வரும் நேரத்தில், தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பக் காற்றும் மூடி போட்டது போல் நின்றுவிடும். மருந்தின் நுண்துளிகள் கீழேயும் விழாமல் மேலேயும் போகாமல் அப்படியே மிதக்கும். பிறகு மெல்ல நகர்ந்து அடுத்த தோட்டத்தில் இறங்கும். விடியற்காலையிலும் இதே கதைதான். புகை போட்டுப் பாருங்கள். மேலே எழும்பாமல் படுத்துக்கொண்டு போனால், அன்றைக்கு அந்த நேரத்தில் தெளிக்கக் கூடாது.

வெயில் ஏறத் தொடங்கிய பின், காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், இலையும் சிறு குச்சியும் லேசாக அசையும் அளவு மட்டும் காற்று இருக்கும்போது, அந்தக் காற்றும் திராட்சைப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போகும்போது அடிப்பதுதான் சரி.

இரண்டாவது கள்வன் வெயில். 2,4-டி-யில் 'எஸ்டர்' வகை என்று ஒன்று, 'அமைன்', 'சோடியம்' உப்பு வகை என்று வேறு உண்டு. எஸ்டர் வகை எளிதில் ஆவியாகும். காலையில் ஒழுங்காக அடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மத்தியான வெயில் 30 டிகிரியைத் தாண்டியதும் மருந்து ஆவியாகக் கிளம்பிவிடும். தெளித்தவர் கண்ணுக்கே தெரியாது! திராட்சை விளையும் ஊரில் எஸ்டர் வகையை வாங்கவே கூடாது. கடையில் லேபிளைப் படித்துப் பார்த்து, கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது கள்வன் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். அவன்தான் ஸ்பிரேயர் டேங்க்! நேற்று களை மருந்து அடித்த அதே டேங்கில் இன்று திராட்சைக்குப் பூஞ்சாண மருந்து கலக்குகிறோம். ஒரு தடவை அலசினால் 2,4-டி போகாது. ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஒளிந்துகொள்ளும். பக்கத்து வயல்காரரைத் திட்டும் பலருக்கு உண்மையான எதிரி தன் சொந்த டேங்க்தான்.

களை மருந்துக்கென்று ஒரு ஸ்பிரேயரைத் தனியாக வைத்துவிடுங்கள். அதன்மேல் சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். அதற்கு வழியே இல்லை என்றால், மூன்று முறை நன்றாக அலசி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சலவைச் சோடா கரைத்து, குழாய் நாசில் வரை ஓடவிட்டு, இரவு முழுக்க வைத்திருந்து, மறுபடி அலச வேண்டும். அந்தக் கழுவின தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள், கொடி வேரிலும் ஊற்றாதீர்கள்.

கவாத்து முதல் அறுவடை வரை

பன்னீர் திராட்சை கவாத்து செய்ததிலிருந்து ஏறக்குறைய 120 நாட்களில் அறுவடைக்கு வரும். இந்த 120 நாளும் ஒரே மாதிரி அல்ல. கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதம் தனிக் கவனம் சொல்கிறோம் அல்லவா, அப்படித்தான்.

கவாத்து செய்தவுடன்: வெட்டுக்காயம் பச்சையாக இருக்கும். இந்தச் சமயம் பந்தலுக்குக் கீழே களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். களையை மண்வெட்டியால் கொத்தி எடுப்பதற்கு இதுவே நல்ல நேரம். மேலே இலை இல்லாததால் வெளிச்சம் விழுந்து களை வேகமாக முளைப்பதும் இப்போதுதான்.

துளிர் முதல் பிஞ்சு வரை: துளிர்க்கத் தொடங்கியதிலிருந்து, சுமார் 35 - 45 நாளில் பூ வந்து பிஞ்சு பிடிக்கும் வரை. இதுதான் கண்டம்! ஜூன் மாதம் தண்ணீர் திறந்து, நாற்று வளர்ந்து, ஜூலையில் நடவு முடிந்து, நெல்லுக்குக் களை மருந்து அடிக்கும் நேரம் வரும்போது, ஜூன் நடுவில் கவாத்து செய்த பந்தல் சரியாகப் பூவில் நிற்கும். மேற்கே நெல் இருக்கிறது, மேற்கிலிருந்து காற்றும் வீசுகிறது என்றால், கவாத்துத் தேதியைக் குறிக்கும் முன்பே பக்கத்து வயல்காரரிடம் நடவுத் தேதியைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

காய் பெருக்கும் பருவம்: பந்தல் மூடிவிடும். நிழலில் களையும் அடங்கும். அங்கங்கே நிற்பதைக் கையால் பிடுங்கினால் போதும். தென்னை நார்க்கழிவு, கரும்புச் சோகை, வைக்கோல் இவற்றில் கிடைப்பதை நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்குப் போட்டால், களையும் வராது, ஈரமும் நிற்கும். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், தண்டு அழுகும்.

அறுவடைக்குப் பின்: களைக்கொல்லிதான் அடிக்க வேண்டும் என்ற நிலை வந்தாலும், பச்சைத் தண்டிலும் வேரிலிருந்து கிளம்பும் பக்கத் துளிரிலும் படவே கூடாது. பட்டை முற்றாத இளங்கொடிகளுக்கு அட்டையோ பிளாஸ்டிக் குழாயோ சுற்றி மறைப்புக் கட்டுங்கள். நாசிலுக்குக் குடை போன்ற மூடி மாட்டி, தரையோடு தரையாக, பெரிய துளியாக விழும்படி அடிக்க வேண்டும். பனி போல் மெல்லிய சாரல் வந்தால், நாசில் சரியில்லை அல்லது பம்பு அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

மாற்று மருந்து எதுவும் இல்லை. யாராவது ஒரு பாட்டிலை நீட்டி 'இதை அடித்தால் சரியாகிவிடும்' என்றால் பணத்தை வீணாக்காதீர்கள். கொடிக்குத் தெம்பு இருந்தால் அது தானே தேறும். தண்ணீரை ஒழுங்காகக் கொடுங்கள். உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். பாதிக்கப்பட்ட கொடியில் குலைகளைக் குறைத்து, பாரத்தை இறக்கி வையுங்கள். வேரூன்றிய பெரிய கொடி பெரும்பாலும் அடுத்த போகத்தில் தலையெடுக்கும். சில கொடிகளுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். நட்டு மூன்று வருடத்துக்குள் உள்ள இளங்கொடிதான் பாவம்.

தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். காற்றின் திசையைக் குறித்துக் கொள்ளுங்கள். இலையைக் கொண்டுபோய்த் தோட்டக்கலை அதிகாரியிடமோ, தேனி மாவட்டத்தில் இருப்பவர்கள் ஆனைமலையான்பட்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுங்கள். விவசாயிகளுக்கான இலவசத் தொலைபேசி 1800-180-1551-லும் கேட்கலாம். மருந்து பட்டது உறுதி என்றால், அந்தக் குலைகளை விற்கலாமா, கூடாதா என்பதையும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விற்க வேண்டும். நாலு குடும்பம் சாப்பிடும் பழம் அல்லவா?

உங்கள் வீட்டு வாசலில்...

டவுனில் இருக்கிறோம், நமக்கென்ன என்கிறீர்களா? போர்ட்டிகோவில் ஆசையாக ஒரு திராட்சைக்கொடி ஏற்றியிருப்பீர்கள். மழை பெய்து காம்பவுண்டு ஓரம் புல் மண்டியதும், 'ஒரு பாட்டில் களை மருந்து வாங்கி அடித்துவிட்டால் ஆறு மாதத்துக்குத் தொல்லை இல்லை' என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். காம்பவுண்டுக்குள் இருக்கும் உங்கள் கொடி, பக்கத்து வீட்டு முருங்கை, மாடித் தோட்டத்துத் தக்காளி எல்லாம் அந்த மருந்துக்கு ஒன்றுதான். கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவு போட்டதையும் நினைவில் வையுங்கள்.

சிமென்ட் வெடிப்பில் முளைக்கும் புல்லுக்குக் கொதிக்கும் தண்ணீர் போதும். மண் தரையில் களைக்கொத்து போதும். உப்பைக் கொட்டுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது வேண்டாம். புல்லோடு சேர்ந்து மண்ணும் செத்துப் போகும்.

கடையில் வாங்கிய திராட்சைக்கு இன்னொரு விஷயம். பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போல் தெரிவதெல்லாம் மருந்து என்று பயப்படுகிறோம். பழம் தன்னைக் காத்துக்கொள்ளப் பூசிக்கொள்ளும் இயற்கையான மெழுகு அது. சீராக, மெல்லிய படலமாக இருக்கும். திட்டுத் திட்டாக, சொட்டு வழிந்து காய்ந்த தடமாகத் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எதுவானாலும் குலையோடு முக்காமல், பழங்களைக் காம்பிலிருந்து பிரித்து, உப்போ சமையல் சோடாவோ கரைத்த தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். மேலே ஒட்டியிருப்பதில் பெரும் பகுதி போய்விடும். உள்ளே ஊடுருவியது கழுவினால் போகாது. அதனால்தான் தோட்டத்திலேயே கவனம் தேவை என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

உடம்பில் பட்டால்?

அந்த அம்மாவின் கைக்கு வருவோம். கணவர் மருந்தடித்து வந்த சட்டையை, வீட்டுத் துணியோடு சேர்த்து வெறுங்கையால் துவைத்து வந்திருக்கிறார். பல வருடப் பழக்கம். கைக்கு அருகம்புல் தைலம் கொடுத்தேன். ஆனால் முதல் மருந்து அது இல்லை. சட்டையைத் தனி வாளியில், கையுறை போட்டுத் துவைக்கச் சொன்னதுதான். காரணத்தை நீக்காமல் தைலம் மட்டும் தடவி என்ன பயன்?

மருந்தடிப்பவர்கள் முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, மூக்கை மூட முகக்கவசம் அணிய வேண்டும். அடித்து முடித்து சோப்புப் போட்டுக் குளிக்கும் வரை வெற்றிலை, பீடி, டீ எதுவும் கூடாது. தோலில் பட்டால் உடனே துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, கண் டாக்டரிடம் போங்கள். 2,4-டி கண்ணைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-ல் கிளைபோசேட்டைப் 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்ற பட்டியலிலும், 2,4-டி-யை 'உண்டாக்கக் கூடும்' என்ற அதற்கு அடுத்த பட்டியலிலும் சேர்த்தது. பல நாட்டு அரசுத் துறைகள் கிளைபோசேட் விஷயத்தில் இதை ஏற்கவில்லை. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். தினமும் கையாளுகிறவர்கள் உடம்பில் படாமல் பார்த்துக்கொள்வதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லையே!

வயிற்றுக்குள் போய்விட்டால்... இதைப் பெரிய எழுத்தில் படியுங்கள். என்னிடம் வராதீர்கள்! எந்தச் சித்த வைத்தியரிடமும் போகாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புளித்தண்ணீர், உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முக்கியமாகப் பாராகுவாட். ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. முதல் நாள் ஆள் நன்றாகத்தான் இருப்பார், பேசுவார். சில நாள் கழித்து நுரையீரல் இறுகி மூச்சு நின்றுவிடும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. அதனால் எந்த மருந்தையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள். குழந்தைகளுக்குத் தெரியுமா, எது சர்பத், எது விஷம் என்று?

களையா, மூலிகையா?

கடைசியாக என் சொந்த ஆதங்கம் ஒன்று. தோட்டக்காரர் 'களை' என்று அழிப்பதில் பாதி, எங்களுக்கு மருந்து. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, மூக்கிரட்டை, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, துத்தி, நெருஞ்சில் எல்லாம் வரப்பிலும் பந்தலடியிலும் தானாக முளைத்தவைதான். எனக்கு மூலிகை கொண்டு வந்து கொடுக்கும் பாட்டியம்மா சலித்துக்கொள்கிறார். "முன்னே ஒரு வரப்புல பறிச்சதுக்கு, இப்ப நாலு ஊரு நடக்கணும் சாமி."

நாங்கள் படிக்கும்போது, சுடுகாட்டிலும் களர் நிலத்திலும் புற்று மேலும் முளைத்த மூலிகையை எடுக்கக் கூடாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். இன்று நான் மாணவர்களுக்கு நான்காவதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். மருந்தடித்த வரப்பு! மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி பறிக்கப் போகிறவர்கள் கவனியுங்கள். வரப்பில் ஒரு பட்டை முழுக்க ஒரே சீராகக் காய்ந்திருந்தால், அதன் ஓரத்தில் பச்சையாக நிற்பதையும் தொடாதீர்கள். வீட்டில் இரண்டு தொட்டியில் வளர்த்துக் கொள்ளுங்கள். எது மூலிகை, எது களை என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.

சரி, அந்த அண்ணன் தம்பி என்ன ஆனார்கள்?

அந்தப் போகம் போனது போனதுதான். ஐப்பசியில் பழம் வரவில்லை. வட்டி கட்டச் சிரமப்பட்டார். ஆனால் இலையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னேன். சண்டைக்கு அல்ல, காட்டுவதற்கு. முதலில் மறுத்தார். மனைவிதான் மதினியிடம் பேசி வழி பண்ணியிருக்கிறார். அண்ணன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "நான் நெல்லுக்குத்தானடா அடிச்சேன்... இது உன் பந்தல் வரைக்கும் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம்.

பங்குனி மாதம் அந்தத் தம்பதி மறுபடி வந்தார்கள். அந்த அம்மாவின் கைகள் தேறியிருந்தன. கூடவே ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. "இப்ப அண்ணன் மருந்தடிக்கிறதுக்கு முந்தின நாள் போன் பண்ணிடுறாருங்கய்யா" என்றார் அவர்.

"என்ன சொல்வார்?"

"வேற ஒண்ணும் பேச மாட்டாரு. 'பந்தல் பூவுல இருக்கா, பிஞ்சுல இருக்கா?'ன்னு மட்டும் கேப்பாரு. பூவுலன்னா, அந்த வாரம் மருந்தை எடுக்க மாட்டாரு. ஆளு விட்டுக் கையால களை எடுத்துக்குவாரு."

உங்கள் வீட்டுக்கும், தோட்டத்துக்கும் மேற்கே யார் இருக்கிறார்கள்? அவரிடம் பேசி எத்தனை நாளாயிற்று? இன்றைக்கே ஒரு போன் போடுங்களேன்!